கூட்டின்மேல் வெயில்

மூன்று வாயும் திறந்தபடியே இருந்தன. பசி என்றார் அப்பா. பசியென்றால் கத்தாதா? விடிந்ததும் வந்து உட்கார்ந்தபோது கத்தத்தானே செய்தன, தாய்க்குருவி கொப்பில் கால் வைத்ததும் மூன்றும் கழுத்தை நீட்டிக்கொண்டு நான் நான் என்று முண்டின, ரேஷன் கடையில் வரிசை குலைந்தால் ஜனம் முண்டுமே, அப்படி. இப்போது கழுத்தும் நீளவில்லை, சத்தமும் இல்லை, வாய் மட்டும் ஆவென்று கிடந்தது. கோமதி பைனாகுலரைக் கண்ணோடு இன்னும் அழுத்தி வைத்துப் பார்த்தாள். தொண்டைக்குழி படபடவென்று அடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் மத்தியான நேரம் படுத்துக் கிடக்கிற நாய்க்கு விலா அடிக்குமே, அந்த அடி. இது பசி இல்லை. இது வெயில். நேற்று இந்த நேரம் அங்கே வெயில் இல்லை, இலை இருந்தது, ஒரு கொப்பு நிறைய மாவிலை, கூட்டுக்கு மேலே குடை பிடித்த மாதிரி. அந்தக் கொப்பைத்தான் நேற்றுச் சாயங்காலம் அப்பா கத்தரித்துப் போட்டார், பூச்செடி வெட்டுகிற கத்தரியால், மறைக்குதாம், பின்னணி சுத்தமாக வராதாம். கோமதிதான் கொப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது வெயில் இறங்கிவிட்டது, அதனால் இரண்டு பேருக்கும் வெயில் நினைப்பே வரவில்லை, படம் எடுக்க வருகிறவனுக்கு வெளிச்சம் ஞாபகம் இருக்கும், வெயில் ஞாபகம் இருக்காது போலிருக்கிறது, இரண்டும் ஒன்றுதானே என்று யோசித்தாள், ஒன்றில்லை, வெளிச்சம் படத்துக்கு, வெயில் தோலுக்கு. அதுகளுக்குத் தோல்தான் இன்னும் அதிகம் தெரிகிறது, செங்கல் நிறத்தில் இறகு அங்கங்கே முளைத்திருக்கிறது, றெக்கையில் கொஞ்சம் கூடுதலாக. வந்துவிடும், இரண்டு நிமிஷத்தில் வந்துவிடும் என்று அப்பா சொல்லி எவ்வளவு நேரமாயிற்று. வரவில்லை. தாயும் வரவில்லை, தகப்பனும் வரவில்லை. ஃபிளாஷ் அடித்ததிலிருந்து கூட்டுப் பக்கமே வரவில்லை.

பேசக் கூடாது, அதுதான் இந்தக் கூடாரத்தின் சட்டம். கூடாரமென்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், இலை இலையாக அச்சடித்த பச்சைத் துணி, ஒரு ஜிப்பு, லென்ஸ் மூக்கை நீட்ட ஒரு ஓட்டை, அவள் எட்டிப் பார்க்க ஒரு கிழிசல். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில், அப்பாவோடு மில்லில் வேலை பார்க்கிறவருடைய மாந்தோப்பு, காய் பறித்து முடித்து ஆளில்லாமல் கிடந்தது. அப்பாவின் வலது கண் காலையிலிருந்து காமிராவை விட்டு எடுபடவில்லை. அந்த நீள லென்ஸில் கண்ணை வைத்தால் கூடும் கூட்டைச் சுற்றி ஒரு சாண் இடமும்தான் தெரியும், பக்கத்தில் யானை வந்து நின்றாலும் தெரியாது. அதற்குத்தான் கோமதி. சுற்றுமுற்றும் பார்ப்பது அவள் வேலை. பெட்டை வந்தால் அப்பாவின் முழங்காலில் ஒரு தட்டு, சேவல் வந்தால் இரண்டு தட்டு. அப்பாவுக்கு வேண்டியது சேவல். அரசவால் ஈபிடிப்பான் என்று அதற்குப் புத்தகத்தில் பெயர், உடம்பு பூரா வெள்ளை, தலை மட்டும் கறுப்பு, வாழை நாரைக் கிழித்து விட்ட மாதிரி முழ நீளத்துக்கு வால், அந்த வாலைச் சுழற்றிக்கொண்டு பூச்சியோடு கூட்டுக்கு வருகிற அந்த ஒரு நொடி, றெக்கை விரிந்து, ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி. அந்த வேகத்தை நிறுத்துவதற்குத்தான் ஃபிளாஷ். லென்ஸ் இங்கே இருக்கிறது, ஃபிளாஷ் இங்கே இல்லை, அது கூட்டுக்கு இரண்டு பக்கமும் கைக்கெட்டுகிற தூரத்தில் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது, இங்கே பொத்தானை அமுக்கினால் அங்கே வெட்டும். நாம தூரத்துல இருக்கோம்ட்டி, அதுக்கு ஒரு தொந்தரவும் கெடையாது, லென்ஸு பெரிசா இருந்தா அதான் வசதி என்று நேற்று வண்டியில் வரும்போது அப்பா சொன்னார். ஆள் தூரத்தில், வெளிச்சம் மூஞ்சியில். அவருடைய வாட்ஸப் குழுவில் இருக்கிற டாக்டரும் அதைத்தான் சொன்னாராம், ஃபிளாஷ் ஒண்ணும் பண்ணாது சார், மின்னல் அடிக்கலையா, பறவை பாக்கலையா என்று. மின்னல் எந்த ஊரில் கூட்டுக்கு முன்னால் ஸ்டாண்டு போட்டு நின்றது? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாய் இருக்கிறதென்று எல்லோரும் சொல்கிற வாய், பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சரை நீங்க சொல்லிக் குடுத்தது தப்பு மிஸ் என்று எழுந்து நின்று சொன்ன வாய், அப்பாவிடம் மட்டும் நாலு மாசமாக மூடிக்கொண்டது.

நேற்று ஸ்டாண்டு போட்டு முடித்ததும், அங்கன நில்லுட்டி, டெஸ்ட்டு என்றார். நின்றாள். பளீரென்றது. அதற்கப்புறம் அவள் பார்த்த எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பச்சை ஓட்டை. அப்பாவைப் பார்த்தால் அப்பா மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, காதும் தோளும் இருக்கிறது, மூஞ்சி இல்லை. கண்ணை மூடினால் ஓட்டை சிவப்பாக மாறியது. திறந்தால் மறுபடி பச்சை. வண்டியில் ஏறி ஊர் வந்து சேருகிறவரைக்கும்கூட ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு தரம் அடித்ததற்கு அது. இன்று காலையில் பெட்டை வந்தபோது எத்தனை தரம் அடித்தார்? கோமதி எண்ணவில்லை, துணி தைக்கிற மெஷின் மாதிரி சத்தம் ஓடியது, கூடவே வெளிச்சமும் வெட்டியது. பெட்டை வாயிலிருந்ததை ஒரு குஞ்சின் வாயில் திணித்துவிட்டுப் போயிற்று. திணித்ததா, வெளியே விட்டதா, தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு தரம் வந்தது, தூரத்துக் கிளையில் உட்கார்ந்தது, மூக்கில் ஒரு தும்பி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கோமதி தட்டவில்லை. ஏன் தட்டவில்லை? தட்டினால் அப்பா விரல் தயாராகும். அவ்வளவுதான், வேறு காரணமில்லை. அந்தக் குருவிக்கும் இப்போது கூடு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை ஓட்டை தெரியுமோ, சுற்றி மரமிருக்கும், கொப்பிருக்கும், பிள்ளைகள் இருக்கிற இடத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது, அதனால்தான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் போயிற்றோ. அப்படியெல்லாம் இருக்காது. பயம்தான். பயம் போதாதா? முதுகில் வியர்வை இறங்கி இடுப்பில் தேங்கியது. கூடாரத்துக்குள் இட்லிப் பொட்டலத்தின் வாடை, பிளாஸ்டிக் சூடேறிய வாடை, அப்பாவின் சட்டை வாடை. நடுவிலிருக்கிற குஞ்சு தலையைக் கூட்டின் விளிம்பில் சாய்த்துப் போட்டிருந்தது. சற்று முன்னால் அப்படி இல்லை. இருந்ததா? இல்லை.

"அப்பா" என்றாள் மெதுவாக. "ஸ்ஸ்" என்றார். "தாய் வந்து ரொம்ப நேரமாச்சுப்பா." "வரும்ட்டி. மூச்சு விடாம இரி." "மூச்சு விடாம இருந்தா செத்துல்ல போவேன்" என்று சொல்லிவிட்டாள், சும்மா வழக்கமாக எடுத்தெறிகிற பேச்சுதான், ஆனால் அந்த வார்த்தை கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, மூன்றாவது ஸ்டூல் போட்டு. தை மாதத்துக்குப் பிறகு வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. அத்தை கூட, அம்மா போன பொறவு, அம்மா இல்லாத வீடு, என்றுதான் சொல்வாள், எங்கேயோ பக்கத்து ஊருக்குக் கல்யாணத்துக்குப் போன மாதிரி. அப்பா காமிராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் தோள் கொஞ்சம் இறங்கியது. அத்தைக்கு அவசரம். வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் நல்ல காரியம் நடக்க வேண்டுமாம், இல்லையென்றால் தள்ளிப் போய்விடுமாம், காலேஜும் வேண்டாம்ங்கிறா, வேற என்ன செய்யப் போறா, போட்டோ ஒண்ணு எடுத்து அனுப்புங்க அண்ணே, நான் பாத்துக்கிடுதேன் என்றாள். காலேஜ் வேண்டாமென்று சொன்னது உண்மைதான். படிப்பு பிடிக்கவில்லை, பிடிக்கவில்லையென்று சொன்னாள், அதில் என்ன வெட்கம். கல்யாணம் வேண்டுமென்று எப்போது சொன்னாள்? அப்பா அதற்கும் அந்த லென்ஸைத்தான் எடுத்தார். தெருவில் நிறுத்தினார். தள்ளிப் போ என்றார், போனாள், இன்னும் தள்ளி என்றார், இன்னும், இன்னும், கடைசியில் தெருமுனை மாவு மில் வாசலில் போய் நின்றாள், அங்கிருந்து போதுமாப்பா என்று கத்தினாள், மாவு மில்லில் நின்ற பொம்பிளைகள் சிரித்தார்கள், என்னடீ ஒங்கப்பா ஒன்ன ஊரவிட்டே போகச் சொல்லுதாரா என்று ஒருத்தி கேட்டாள். படம் நன்றாக வந்திருந்தது. அதுதான் கொடுமை. ஒவ்வொரு கண்ணிமை முடியும் தெரிந்தது, நெற்றியில் பரு வந்து போன தழும்பு தெரிந்தது, அழுதிருக்கிறாள் என்பதுகூடத் தெரிந்தது. தெருமுனையில் நின்றவளை இவ்வளவு பார்த்த மனுஷன், ராத்திரி சோற்றுத் தட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவளை ஏன் பார்ப்பதில்லை? பக்கம் வந்தால் அப்பாவுக்கு மங்கிவிடும். அந்த லென்ஸும் அப்படித்தான், பக்கத்தில் இருப்பதைக் காட்டாது.

அம்மா அந்த லென்ஸுக்கு உலக்கை என்று பெயர் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், ஒங்கப்பா உலக்கையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாரு, எந்தக் குருவி நெல்லு குத்தக் கூப்பிட்டுச்சோ என்பாள். அப்பா சிரிப்பார். அப்போதெல்லாம் ஃபிளாஷ் கிடையாது, கூடாரம் கிடையாது, குளத்தங்கரையில் நின்று நாரை எடுப்பார், கொக்கு எடுப்பார், மங்கலாக வந்தால் அதற்கும் சிரிப்பார். தை மாதத்தில் ஒரு நாள் காலையில் அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டதென்றார்கள், பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனார்கள், கொண்டு வந்தார்கள். தெருவில் பந்தல் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அத்தை, சித்தி, மில்லிலிருந்து வந்தவர்கள், எல்லோரும் சுற்றி. அப்பாவைக் காணவில்லை. மாலை போட வேண்டும், எங்கே அவர், எங்கே அவர் என்று தேடினார்கள். கோமதிதான் மாடிக்குப் போனாள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வெறும் காலோடு, அப்பா அந்த லென்ஸைக் கீழே பார்த்துப் பிடித்திருந்தார். கண் அதில் இருந்தது. ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாக அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாத மனுஷன் மாடியிலிருந்து பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி வந்தது அவருக்குத் தெரியவில்லை, அந்த லென்ஸில் இருக்கும்போது பக்கத்தில் யார் நின்றாலும் தெரியாது. விரல் பொத்தான்மேல் இருந்தது. எடுத்தாரா, எடுக்கவில்லையா? சத்தம் கேட்டதா? கீழே பறை அடித்துக்கொண்டிருந்தார்கள், அதில் என்ன கேட்கும். பின்னாலேயே ஏறி வந்த அத்தை பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள், அண்ணனுக்குக் கிறுக்கு புடிச்சிட்டே, பொணத்தப் போயி இதவச்சிப் பாக்குதாரே என்று. கிறுக்கு இல்லை. அன்றைக்கும் கோமதிக்குத் தோன்றியது அது கிறுக்கு இல்லையென்று, ஆனால் அது என்ன என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் நிற்கிற பறவை போதாமல் போயிற்று, கூடு வேண்டும், குஞ்சு வேண்டும், பறக்கிறபோது நிறுத்த வேண்டும், றெக்கை ஆடாமல் வேண்டும், ஃபிளாஷ் வந்தது. நடுக்குஞ்சின் தலை இன்னும் விளிம்பில்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தது. வெயில் கூட்டின் ஒரு பக்கத்திலிருந்து முழுசாக ஏறிவிட்டது, சிலந்தி நூலைச் சுற்றிக் கட்டிய அந்தச் சின்னக் கிண்ணம் வெள்ளையாகப் பளபளத்தது.

"அப்பா, அது பசி இல்ல. வெயிலு." "பேசாதங்கேன்." "நாம கொப்ப வெட்டினதுனால வெயிலு. நேத்து அங்கன நெழல் இருந்துச்சு. தாய் வந்தா றெக்கைய விரிச்சு மறைச்சிக்கிடும், நாம இங்கன இருக்கதுனால அது வரல." அப்பாவின் விரல் லென்ஸ் வளையத்தைக் கொஞ்சம் திருப்பியது. பதில் சொல்லாதபோது அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அம்மா சொல்வாள், ஆனால் அம்மாவுக்கு அப்பாவைப் பற்றி எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் நல்ல எண்ணம். "ஒரு தடவ. சேவல் ஒரே ஒரு தடவ வந்திரட்டும், எந்திரிச்சிருவோம்" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கெஞ்சினால் கோமதிக்குப் பிடிக்காது, திட்டினால் திருப்பித் திட்டலாம், கெஞ்சினால் என்ன செய்ய. அப்பா முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். கன்னத்தில் காமிராவின் விளிம்பு அழுத்தி ஒரு கோடு விழுந்திருந்தது. சவரம் செய்யாத தாடியில் வெள்ளை இவ்வளவு எப்போது வந்தது. ஒரு தடவைதானே, வந்துவிட்டால் போய்விடலாம், குழுவில் போடுவார், சூப்பர் சார், பேக்ரவுண்டு க்ளீன் சார் என்று வரும், அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார். அது தப்பா? தப்பில்லை. மூன்று வாய் வெயிலில் காய்வதுதான் தப்பு. அவள் மனசு அப்படி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும்போதே சேவல் வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, வெள்ளையாக ஒரு கோடு இலைக்குள் சரிந்து நின்றது, வால் நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருந்தது, மூக்கில் பச்சையாக ஒரு வெட்டுக்கிளி. என்ன அழகு. சனியன், என்ன அழகு. தட்டலாமா வேண்டாமா என்று கை மேலே நின்றது. தட்டாவிட்டாலும் கூட்டுக்கு வந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். வந்தது. குஞ்சுகள் அந்தச் சோர்விலும் தலையைத் தூக்கின, நடுக்குஞ்சுகூட. வெட்டியது வெளிச்சம், ஒன்று, அடுத்து, அடுத்து, தையல் மெஷின் ஓடியது, சேவல் காற்றிலேயே பின்வாங்கியது, வெட்டுக்கிளி மூக்கிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, வெள்ளைக் கோடு மரங்களுக்குள் போயே போய்விட்டது. திறந்த வாய் மூன்றும் திறந்தபடி. "கெடச்சிட்டு" என்றார் அப்பா, மூச்சோடு மூச்சாக. உடனே "படத்துல வால் நுனி வெட்டுப்பட்டுட்டு, சே, வால் நுனி" என்றார். பிறகு, "திரும்ப வரும்ட்டி, இப்ப வந்துச்சுல்லா, இன்னொரு தடவ வரும்" என்றார்.

கோமதி எழுந்தாள். ஜிப்பைச் சர்ரென்று இழுத்துத் திறந்தாள், வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கூடாரத்துக்குள்ளிருந்து அப்பாவின் கை அவளுடைய கணுக்காலைப் பிடிக்கப் பார்த்துத் தவறியது. யோசனை எளிது, இவ்வளவு நேரம் ஏன் தோன்றவில்லையென்று இருந்தது, துப்பட்டாவைக் கழற்றி இரண்டு ஸ்டாண்டுக்கும் நடுவில் கூட்டுக்கு மேலே கட்டிவிட்டால் நிழல். கட்டிவிட்டுப் போய்விடலாம். தாய் வரும். கூடாரத்தைப் பிரித்து வண்டியில் போட்டுக்கொண்டு, அப்பா ஒரு வாரம் பேசாமல் இருப்பார், இருக்கட்டும், இப்போது மட்டும் என்ன பேசுகிறார். சருகு காலுக்குக் கீழே நொறுங்கியது, வருஷக் கணக்காகக் கூட்டாத மாஞ்சருகு, கணுக்கால் வரை மெத்தையாக. "ஏட்டி, போகாத!" அப்பா இப்போது ரகசியமாகச் சொல்லவில்லை, கத்தினார். "பக்கத்துல போகாதட்டி, றெக்க மொளச்ச குஞ்சு, ஆளக் கண்டா குதிச்சிரும்! குதிச்சா திரும்பக் கூட்டுல நிக்காது!" "ஒங்க படம் போனாப் போகட்டும்ப்பா" என்று திரும்பாமலே சொன்னாள். "படத்துக்குச் சொல்லலட்டி, கோமு, நில்லு!" படத்துக்குத்தான் சொல்கிறார். காலையிலிருந்து படத்துக்குத்தானே எல்லாம் சொன்னார். காலையிலிருந்து சொன்ன அத்தனையும் பொய்யாக இருக்கும்போது இது மட்டும் எப்படி உண்மையாக இருக்கும். துப்பட்டாவின் ஒரு முனையை இந்தப் பக்கத்து ஸ்டாண்டில் முடிச்சுப் போட்டாள். குஞ்சுகள் வாயை மூடிக்கொண்டன. மூன்றும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டு கூட்டுக்குள் தட்டையாகப் பதுங்கின, பார்த்தாயா, நிழல் வந்ததும் அடங்கிவிட்டன என்று அவள் நினைத்தாள், அப்படித்தான் நினைத்தாள், மறுமுனையை எடுத்துக்கொண்டு கூட்டைத் தாண்டிக் கையை நீட்டினாள். கூடு வெடித்தது. அதைத் தவிர வேறெப்படிச் சொல்ல. மூன்றும் மூன்று திக்கில், கூழாங்கல்லை விசிறி எறிந்த மாதிரி, அரைகுறை றெக்கையை அடித்துக்கொண்டு. ஒன்று அந்தப் பக்கத்து ஸ்டாண்டின் கம்பியில் போய் இடித்தது, டொக்கென்று ஒரு சின்னச் சத்தம். அது ஸ்டாண்டின் காலடியில் கிடந்தது, தலை முதுகுப் பக்கமாகத் திரும்பி. மற்ற இரண்டும் சருகில் விழுந்தன. விழுந்த இடம் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், இமைக்கவில்லை, ஆனாலும் போய்விட்டன. செங்கல் நிறம். சருகும் செங்கல் நிறம். எது சருகு, எது உயிர்? கூட்டுக்குள் ஒன்றுமில்லை, கொஞ்சம் எச்சமும் ஒரு சிறகுத் துணுக்கும்.

"எங்கன, எங்கன விழுந்துச்சு?" அப்பா ஓடி வந்துகொண்டிருந்தார். கையில் காமிரா இல்லை, வெறும் கையோடு ஓடி வந்தார். அம்மாவுக்கு மாலை போடக்கூட அப்படி ஓடி வரவில்லை. "அப்பா நில்லுங்க!" அலறிவிட்டாள். "கால வைக்காதீங்க! அங்கனதான் எங்கயோ கெடக்கு, ரெண்டு!" அப்பா நின்றார். ஓடுகிற ஓட்டத்தில் தூக்கிய வலது கால் அந்தரத்திலேயே நின்றது. எங்கே வைப்பதென்று கீழே பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், எல்லாப் பக்கமும் ஒரே சருகு. பின்னால் வைக்கலாமென்றால் வந்த வழிக்குக் குஞ்சு நகர்ந்து வந்திருந்தால்? கடைசியில் அந்தக் காலைத் தன்னுடைய இடது காலின் மேலேயே வைத்துக்கொண்டார், செருப்பின் மேல் செருப்பை, கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு. கோமதியும் நகரவில்லை. தான் எங்கே கால் வைத்து இவ்வளவு தூரம் வந்தாள் என்பதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். இல்லை, வரும்போது அதுகள் கூட்டில்தான் இருந்தன, வரும்போது ஒன்றுமில்லை, இப்போதுதான். இப்போது ஒரு அடி எடுத்து வைத்தால். "நான் சொன்னேன்ல" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. "சொன்னீங்க" என்றாள். "கத்தும்ட்டி. தாய் வந்தா கத்தும். கத்தினா எடம் தெரிஞ்சிரும்." தாய் வந்தது. வெட்டிய கொப்புக்கு மேலேயிருந்த கிளையில் உட்கார்ந்து கிரீச்சென்றது, மூக்கில் ஒரு தும்பி, மறுபடி கிரீச்சென்றது. சருகிலிருந்து பதில் இல்லை. ஆள் நிற்கும்போது கத்தாது. அது அதுகளுக்குத் தெரிந்த ஒரே பாடம், அசையாமல் கிட, சத்தம் போடாதே, போய்விடுவார்கள். போக வேண்டும். போவதென்றால் கால் வைக்க வேண்டும். கால் வைக்க அதுகள் கத்த வேண்டும். கோமதி இதையே திரும்பத் திரும்ப யோசித்தாள், ஒவ்வொரு தரமும் வேறு மாதிரி முடியும் என்பது போல, ஒவ்வொரு தரமும் சருகிலேயே வந்து நின்றது. "கோமு" என்றார் அப்பா. "என்னப்பா." "ஒங்காலுக்குக் கிட்ட இருக்கா பாரு." பார்த்தாள். இருக்கிற மாதிரியும் இருந்தது. "தெரியலப்பா." அப்பா முதல் தரமாக நேராக அவளைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெயில் முழுசாக முகத்தில் விழ. பிடித்துக்கொள்ள அவருக்குப் பக்கத்தில் மரமில்லை. அவள் கையை நீட்டினாள், அவரும் நீட்டினார், நடுவில் இன்னும் இரண்டு எட்டு இருந்தது. மேலே கிடந்த கால் கீழேயிருந்த காலின்மேல் நடுங்க ஆரம்பித்தது.